ரங்கூன் சம்பந்தி

தை பிறந்த கையோடு பஞ்சாட்சரத்தின் சம்பந்தி வீட்டார் ரங்கூன் கப்பலில் வந்து இறங்கினார்கள். சம்பந்தி என்று பெயரே தவிர, அதுவரை இரண்டு குடும்பமும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை.

பஞ்சாட்சரத்தின் ஒரே மகன் சுப்புராயன் ரங்கூனில் அரிசி ஆலை வேலைக்குப் போன இடத்தில், மா கின் என்ற பர்மியப் பெண்ணைக் கட்டிக்கொண்டான். செய்தி மயிலாப்பூருக்கு வந்து சேர்ந்த அன்று அவன் தாய் முத்தம்மா அடுப்புப் பற்ற வைக்கவில்லை. அவள் கோபம் ஆறுவதற்குள் ஜப்பான்காரன் ரங்கூன் மேல் குண்டு போட்டுவிட்டான். நாற்பத்திரண்டாம் வருஷம் சித்திரையில், சென்னைப் பட்டணமே மூட்டை முடிச்சோடு வெளியூருக்கு ஓடிக்கொண்டிருந்தபோது, சுப்புராயனும் அந்தப் பெண்ணும் எதிர்த்திசையில் பட்டணத்துக்குள் வந்தார்கள். காடும் மலையும் நடந்து வந்த கால்கள். அவனோடு கூடவே காட்டுக் காய்ச்சலும் வந்திருந்தது. ஆடிக்கு முன்னால் அவன் போய்ச் சேர்ந்தான்.

பெண் மிஞ்சினாள். திருப்பி அனுப்ப வழியில்லை. பர்மா எதிரி கையில் இருந்தது. பதினெட்டு வயது, ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. அடுப்புப் பற்ற வைக்காத அதே முத்தம்மாதான் அவளைக் காலுக்கு நடுவில் உட்கார வைத்துத் தலையில் பேன் பார்த்தாள். மா கின் என்ற பெயர் அவள் வாயில் கின்னம்மா என்று ஆயிற்று. வீடு இருந்த கால்வாய்க்கரைப் பெண்களிடம் தமிழ் கற்றதால் அவளுக்குப் பட்டணத்துப் பாஷை அச்சாக வந்தது. சுப்புராயன் தகப்பனை 'நைனா' என்று கூப்பிட்டதைக் கேட்டவள், தானும் அப்படியே கூப்பிட்டாள். லஸ் பக்கம் மெஹபூப் பாஷாவின் தையல் கடையில், உள்ளறையில் அவர் மனைவி ஹாஜிரா பீயோடு உட்கார்ந்து ரவிக்கை தைத்தாள். இப்படி ஐந்தாவது வருஷம் நடந்துகொண்டிருந்தபோதுதான் பெற்றவர்கள் வந்தார்கள்.

தகப்பனார் ஊ சான் பே, தேக்கு மரக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்ந்தவர். உயரமாக, வற்றலாக, எதற்கும் லேசாகத் தலையசைக்கிற மனிதர். தாயார் டோ ம்யா குட்டையாக, உருண்டையாக இருந்தாள். வந்த நேரம் முதல் மகளின் கையை விடவில்லை. மகள் தண்ணீர் பிடிக்கப் போனால் குழாயடி வரைக்கும் கூடவே போனாள்.

"இன்னாத்துக்கு வந்துக்கிறாங்கன்னு உனுக்குப் புரியல?" என்று முத்தம்மா கணவனைக் கொல்லைப்புறம் இழுத்துக்கொண்டு போய்க் கேட்டாள்.

"பெத்தவங்க பொண்ணப் பாக்க வரக்கூடாதா?"

"பாக்க வர்றவங்க காலிப் பொட்டியயா தூக்கிக்கினு வருவாங்க? நகத்தி வெக்கறப்போ பாத்தேன், காத்து மாதிரி கீது. இவ துணிமணிய வெச்சு இட்டுக்கினு போறதுக்குத்தான்."

பஞ்சாட்சரம் கொல்லைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இன்னா நிக்கற? ஊரச் சுத்திக் காட்டு. நல்லாக் காட்டு. இங்க நம்ம பொண்ணு ராணி மாதிரி கீதுன்னு அவங்க மனசுல படணும். படலன்னா போச்சு."

பஞ்சாட்சரம் டிராம் கண்டக்டர். வழி தெரியாமல் வண்டி ஏறிய வெளியூர்க்காரர்களுக்கு எத்தனையோ தரம் கோயிலும் ஆஸ்பத்திரியும் கைகாட்டியிருக்கிறார். வீட்டுக்கு வந்தவர்களுக்கு ஊர் காட்டியதில்லை. லீவு கேட்டு வாங்கிக்கொண்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, முத்தம்மாவையும் சேர்த்துக்கொண்டு கிளம்பினார்.

முதல் நாள் மாம்பலம். புதிதாக எழுந்த பங்களாக்கள், அகலமான ரஸ்தாக்கள், பனகல் பார்க்கு என்று ஒன்று விடாமல் காட்டினார். கின்னம்மாதான் நடுவில் நின்று இரண்டு பாஷையும் பேசினாள்.

"இதெல்லாம் முன்ன ஏரி. தண்ணிய வடிச்சுட்டு ஊரக் கட்டிட்டாங்க. சொல்லும்மா" என்றார் பெருமையாக.

அவள் சொன்னாள். ஊ சான் பே பார்க்கைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கையை ஆட்டி ஆட்டி நெடுநேரம் பதில் சொன்னார்.

"இன்னா சொல்றாரு?"

"ஏரி நல்லா இருந்துருக்கும்ன்றாரு."

"அம்மாம் நேரம் பேசினாரே?"

"எங்க பாஷ கொஞ்சம் நீளம், நைனா" என்றாள் கின்னம்மா. ரங்கூனில் ஏரியைத் தூர்க்காமலே அழகாக ஊர் கட்டியிருக்கிறோம் என்று அவர் சொன்னதை, பல நாள் கழித்துத்தான் பஞ்சாட்சரத்திடம் சொன்னாள்.

தாயார் எதையும் பார்த்ததாகவே தெரியவில்லை. மகளின் வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, ஊசி குத்திக் காய்த்த விரல் நுனிகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தாள். ஒரு தரம் மகளின் கொண்டையைத் தொட்டு ஏதோ கேட்டாள். பர்மாவில் பெண்கள் பூ இல்லாமல் வெளியே போக மாட்டார்களாம். உன் தலையில் ஏன் பூ இல்லை என்று கேள்வி. "மிஷினு மேல உதுந்துடும்னு சொல்லிட்டேன்" என்றாள் கின்னம்மா. முத்தம்மா வேறு பக்கம் பார்த்தாள். சுப்புராயன் செத்த பிறகு, நாலு பேர் பேச்சுக்குப் பயந்து அந்தப் பூவை நிறுத்தியது அவள்தான்.

அன்று வீடு திரும்பும்போது பஞ்சாட்சரத்துக்கு மனம் சரியாக இல்லை. கடையில் நல்ல சரக்கை எல்லாம் எடுத்துப் போட்டும் வாங்க வந்தவர் கண் அதில் நிற்காவிட்டால் வியாபாரிக்கு எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

மறுநாள் அடையாறு. அங்கே பெரிய ஆலமரத் தோட்டத்துக்குள் ஒரு புத்தர் கோயில் இருப்பதாக டிராமில் வருகிற வாத்தியார் ஒருவர் சொல்லியிருந்தார். அதைத்தான் அவர் கடைசித் துருப்பாக வைத்திருந்தார். முத்தம்மா புளிச்சோறு கிளறித் தூக்கில் எடுத்துக்கொண்டாள். காலையிலேயே ஜட்கா பேசப் போனபோது வண்டிக்காரன் வாய்க்கு வந்த கூலி கேட்டான். பஞ்சாட்சரம் வாயைத் திறப்பதற்குள் கின்னம்மா முன்னால் வந்துவிட்டாள்.

"இன்னாயா, இது குதுரயா, குதுர எலும்பா? நீ கேக்கற கூலிக்கு நாங்களே இஸ்துக்கினு போயிடுவோம், உன்னையும் குந்த வெச்சு!"

"ஏறு தாயே, ஏறு. போணி ஆவறதுக்கு மின்ன உங்கிட்ட வாயக் குடுத்தேனே" என்று அவன் சாட்டையைத் தாழ்த்தினான்.

ஊ சான் பே வாய்விட்டுச் சிரித்தார். ஊருக்கு வந்து அவர் சிரித்தது அதுதான் முதல் தரம்.

"சின்னதுல எங்க வீட்டுக்கு ஆள் வந்தா நான் கதவுக்குப் பின்னால ஒளிஞ்சுக்குவேனாம். அதச் சொல்லிச் சிரிக்கறாரு" என்றாள் கின்னம்மா.

பஞ்சாட்சரத்துக்குத் தெம்பு வந்தது. "போற வழியில கபாலி கோயில் கொளத்தையும் பாத்துட்டுப் போயிடலாம்" என்றார்.

காலை வெயில் தெப்பக்குளத்துத் தண்ணீரில் விழுந்து கோபுரத்தின் மேல் ஆடிக்கொண்டிருந்தது. எல்லோரும் படிக்கட்டு ஓரம் நின்றார்கள். அப்போது குளித்துவிட்டு ஈரப் புடவையோடு, இடுப்பில் செப்புக்குடத்தோடு ஓர் அம்மாள் மேலே ஏறி வந்தாள். முக்காடு சரிந்து மழித்த தலை தெரிந்தது. வெளுத்துப்போன செம்மண் நிறப் புடவை. எதிரே வந்த ஒருவர், வெளியே புறப்பட்ட வேளையில் எதிர்ப்பட்டாளே என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒதுங்கிப் போனார். அந்த அம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். பழகிய குனிவு.

டோ ம்யாவின் முகம் மலர்ந்தது. மகளின் கையை விட்டாள். யாரும் தடுப்பதற்குள் நாலு படி இறங்கி, அந்த அம்மாளின் எதிரில் மண்டியிட்டு, கைகளைக் குவித்து நெற்றி கல்லில் படும்படி வணங்கினாள்.

குடம் தளும்பியது.

"ஐயோ, என்ன இது! யாரு இவா? என்னைப் போய் ஏன் நமஸ்காரம் பண்றா?" அந்த அம்மாள் குடத்தை இறுக்கிக்கொண்டாள். பின்வாங்கவும் இடமில்லாமல் படியில் நின்றாள்.

கின்னம்மா ஓடி வந்தாள். "எங்கம்மாங்க. பர்மா ஊரு. எங்க ஊர்ல தலைய மொட்ட அடிச்சுக்கினு இந்தக் கலர்ல துணி கட்டுறவங்க சாமியாரம்மாங்க. பாத்தா கும்புடணும். அதான், தெரியாம..."

"சாமியாரம்மாவா?" என்று அந்த அம்மாள் மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

டோ ம்யா இன்னும் குனிந்தே இருந்தாள். ஆசி வாங்காமல் எழுந்திருக்க மாட்டாள் போலிருந்தது. அந்த அம்மாள் சுற்றுமுற்றும் பார்த்தாள். மடியாகக் குளித்து வந்தவள், யாரையும் தொடக்கூடாது. ஆனாலும் குனிந்து, ஈரக் கையை அந்தத் தலைமேல் வைத்தாள்.

"க்ஷேமமா இருங்கோ. நன்னா இருங்கோ." குடத்துத் தண்ணீரைப் படியிலேயே சாய்த்துவிட்டு, மறுபடி குளிக்கக் குளத்துக்குள் இறங்கினாள். ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள்.

ஜட்கா ஏறியதும் டோ ம்யா சந்தோஷமாக மகளிடம் ஏதோ கேட்டாள். கின்னம்மா தெருப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தாய் மறுபடி கேட்டாள். இந்தத் தரம் பொய் வராமலோ, சொல்லக்கூடாது என்றோ, கின்னம்மா தணிந்த குரலில் நாலு வார்த்தை சொன்னாள். தாயின் முகம் ரத்தம் சுண்டி வெளுத்தது. மகளின் பூ இல்லாத கொண்டையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். ஊ சான் பே மடமடவென்று பேசினார். அந்த மனிதருக்கு அவ்வளவு கோபம் வரும் என்று பஞ்சாட்சரம் நினைத்ததில்லை.

"இன்னா கின்னம்மா?"

"ஒண்ணுமில்ல நைனா. வெயில் தாங்கலயாம்."

வண்டி அடையாற்றுப் பாலத்தைத் தாண்டியது.

ஆலமரம் ஒரு மரமாக இல்லை, ஊராக இருந்தது. விழுதுகளுக்கு நடுவே நிழல் குளிர்ந்து கிடந்தது. புத்தர் கோயிலில் ஊ சான் பேயும் டோ ம்யாவும் வணங்கி எழுந்தார்கள். டோ ம்யாவின் அழுகை ஓய்ந்தது. முகம் மட்டும் தெளியவில்லை. மரத்தடியில் முத்தம்மா இலை போட்டாள். யாரும் சோற்றில் கை வைக்கவில்லை.

"கின்னம்மா, இப்பிடி நடுவுல குந்து" என்றார் பஞ்சாட்சரம். "இன்னிக்கு ஒரு வார்த்தகூட முழுங்கக்கூடாது. உங்க நைனா வண்டியில இன்னா சொன்னாரோ, அப்பிடியே எனுக்குச் சொல்லு."

அவள் மண்ணைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "இந்த நாட்டுல புருஷன் செத்தா பொண்ணுக்கு மொட்ட அடிச்சு மூலையில தள்ளிடுவாங்கன்னு ரங்கூன்லயே சொன்னாங்க, நான் நம்பல, இன்னிக்குக் கண்ணால பாத்துட்டேன்றாரு. எம்பொண்ணு காலம் பூரா இப்பிடியே கெடக்கறதுக்கு விட மாட்டேன், இட்டுக்கினு போறேன்றாரு."

முத்தம்மா தூக்கை மூடித் திறந்து மூடினாள்.

"எங்க ஜனத்துல மொட்ட அடிக்கற வழக்கம் கெடையாதுன்னு சொல்லு" என்றார் பஞ்சாட்சரம்.

சொன்னாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தத்தான் நினைத்தார். ஆனால் எதிரே டோ ம்யா, பயந்த கண்களால் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாஷை தெரியாதவள் முகத்தைப் பார்த்துத்தானே உண்மை தேடுவாள்.

"ஆனா அவங்க பயந்தது தப்பில்லன்னும் சொல்லு. பூவ எடுத்தது நாங்கதான். எங்கள்ல அறுத்துக் கட்டறது உண்டு. இன்னொருத்தனுக்குக் கட்டிக் குடுத்தா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நாங்க பேச்சே எடுக்கல. ஏன்னா, கட்டிக் குடுத்தா நீ போயிடுவ. அவனும் இல்ல, நீயும் இல்லன்னா அந்த வூட்ல அப்பால இன்னா கீது? எங்க சொகத்துக்கு உன்னப் புடிச்சு வெச்சுக்கினோம். சொல்லும்மா, அப்பிடியே சொல்லு."

கின்னம்மாவின் குரல் இரண்டு மூன்று இடத்தில் அறுந்து அறுந்து ஒட்டியது. ஊ சான் பே அவளைப் பார்க்கவில்லை, பஞ்சாட்சரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவங்க இட்டுக்கினு போறதுன்னா போவட்டும். நான் குறுக்க நிக்க மாட்டேன்."

இதை அவள் பர்மிய பாஷையில் சொல்லவில்லை. எழுந்து நின்றுவிட்டாள்.

"நான் இன்னா டிரங்குப் பொட்டியா? நீ தூக்கிக் குடு, அவரு வாங்கிக்கினு போவட்டும்! என்னிய ஒருத்தரும் கேக்க மாட்டீங்களா?" தமிழில் கத்தியதையே தகப்பன் பக்கம் திரும்பி அவர் பாஷையிலும் கத்தினாள். இரண்டு தகப்பன்மாரும் ஒரே மாதிரி தலை குனிந்தார்கள்.

பிறகு அவள் தாயின் எதிரில் உட்கார்ந்து பேசத் தொடங்கினாள். நீளமாகப் பேசினாள். அந்தப் பாஷைக்குள்ளிருந்து பஞ்சாட்சரத்துக்குத் தெரிந்த பெயர்கள் மட்டும் குளத்து மீன் மாதிரி மேலே வந்து மறைந்தன. சுப்புராயன். முத்தம்மா. ஹாஜிரா பீ. மறுபடி முத்தம்மா. ஓரிடத்தில் டோ ம்யா வாயைப் பொத்திக்கொண்டாள். இன்னோரிடத்தில் கண்ணீரோடேயே சிரித்தாள்.

"இன்னாத்தச் சொல்றா? எம்பேரு அடிபடுதே" என்று முத்தம்மா கணவனிடம் கிசுகிசுத்தாள்.

கின்னம்மா திரும்பினாள். "அவரு போனப்போ கரைப் பொம்பளைங்கல்லாம் என் வளையல ஒடைக்க வந்தாங்களே, நீ தொடப்பத்தத் தூக்கிக்கினு வாசல்ல நின்னியேம்மா, எவளாவது உள்ள வந்தா மொத்திடுவேன்னு, அதச் சொன்னேன். எனுக்குக் காய்ச்சல் வந்தப்போ ராவெல்லாம் கால அமுக்கினியே, அதையும் சொன்னேன்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நான் ரங்கூன் போவல நைனா. எனுக்கு அங்க எதுவும் இல்லன்னு இல்ல. ஆனா அவரு இங்கதான கெடக்கறாரு. என் மிஷினு இங்க கீது. கல்யாணம் பண்ணா பண்ணுவேன், பண்ணாட்டி இல்ல. எனுக்குப் புடிச்சா நானே வந்து சொல்றேன். அப்போ வேணான்னு மட்டும் சொல்லாதீங்க."

அப்போது டோ ம்யா எழுந்தாள். சாப்பாட்டு இலைகளைச் சுற்றி நடந்து முத்தம்மாவிடம் வந்து, குளத்தங்கரையில் செய்தது போலவே மண்டியிட்டுக் கை குவித்தாள்.

"ஐயய்யோ, இன்னாம்மா இது, எனுக்குப் போயி!" என்று முத்தம்மா பதறி, தானும் அவள் காலில் விழப்போனாள். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் குனிந்ததில் மண்டையோடு மண்டை நங்கென்று மோதியது. இரண்டு பேரும் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. ஊ சான் பே தோள் குலுங்கச் சிரித்தார். முத்தம்மா தன் நெற்றியை விட்டுவிட்டு டோ ம்யாவின் நெற்றியைத் தேய்த்துவிட்டாள். அப்புறம் புளிச்சோறு ஒரு பருக்கை மிஞ்சவில்லை.

வீடு திரும்பும்போது மாட வீதி முனையில் முத்தம்மா வண்டியை நிறுத்தச் சொன்னாள். பூக்காரியிடம் கதம்பம் வாங்கினாள். கின்னம்மாவை அங்கேயே தெருவில் இறக்கி, கொண்டையில் தன் கையால் சூட்டினாள். தெரிந்த முகங்கள் பல நின்று பார்த்தன. "இன்னா பாக்கற? போவியா, வேலையப் பாத்துக்கினு" என்று பொதுவாக ஒரு தரம் சொல்லிவிட்டு வண்டியேறினாள். ஊ சான் பே பஞ்சாட்சரத்தின் முழங்காலில் கை வைத்து ஏதோ சொன்னார். மகளிடம் அர்த்தம் கேட்கத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு அவர்கள் மாசி வரை தங்கினார்கள். ஊர் பார்ப்பதை விட்டுவிட்டு டோ ம்யா தையல் கடைக்குப் போய், ஹாஜிரா பீயின் பக்கத்தில் உட்கார்ந்து பித்தான் தைத்தாள். ஊ சான் பே, பஞ்சாட்சரத்தின் டிராமில் ஏறி முன் பெஞ்சில் உட்கார்ந்து, போய்ப் போய்த் திரும்பி வருவார். ஊரை அல்ல, கண்டக்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கப்பலேறும் நாளில் அந்தக் காலிப் பெட்டிகளை முத்தம்மா வடாமும் அப்பளமும் புளியுமாக அடைத்து, மூடி சாத்த முடியாமல் மேலே ஏறி உட்கார்ந்து சாத்தினாள். துறைமுகத்தில் டோ ம்யா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, பழகி வைத்திருந்த ஒரே தமிழ் வாக்கியத்தைச் சொன்னாள். "நம்ம பொண்ணு. பாத்துக்கோ."

பர்மாவில் சுதந்திரம் வந்தது. பின்னாலேயே சண்டையும் வந்தது. நாற்பத்தொன்பதாம் வருஷம் வைகாசியில், டிராம் ஷெட்டில் ஃபிட்டராக இருந்த தணிகாசலத்தைப் பிடித்திருக்கிறது என்று கின்னம்மா வந்து சொன்னபோது, ரங்கூனிலிருந்து அவர்களால் வர முடியவில்லை. பெண்ணுக்கு நல்ல சிவப்புப் பட்டு ஒன்று மட்டும், ஊர் திரும்பிய ஒருவர் கையில் வந்து சேர்ந்தது. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

கல்யாணம் கால்வாய்க்கரையில், ஓலைப்பந்தலில் நடந்தது. மெஹபூப் பாஷா மாப்பிள்ளைக்குச் சட்டை தைத்துக் கொடுத்திருந்தார். தாலி எடுப்பதற்கு முன்னால் மந்திரம் சொன்னவர் நிமிர்ந்து கேட்டார்: "பொண்ணோட தகப்பனார் யாருப்பா? முன்னால வந்து தாரை வார்த்துக் குடுக்கணும்."

கின்னம்மா மணையிலிருந்து தலையைத் திருப்பிப் பார்த்தாள். பஞ்சாட்சரம் கூட்டத்தின் ஓரத்தில், மேல்துண்டை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.

"போயேன்யா, கூப்புடறாங்கல்ல" என்று முத்தம்மா பின்னாலிருந்து அவர் முதுகில் கை வைத்துத் தள்ளினாள்.